மூடியின் உட்புறம்

பொதட்டூர்ப்பேட்டையில் மூன்று வாட்ச் கடைகள்.
மூன்றிலும் என் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்.
அதனால்தான் நகரிக்கு பஸ் ஏறினேன்.
எல்லை தாண்டியதும் செல்போன்
தெலுங்கில் வரவேற்றது.
தூரத்தில் மலை
மூக்கை வானத்துக்கு நீட்டி மல்லாந்திருந்தது,
என் சட்டைப்பையை மோப்பம் பிடிப்பதுபோல்.

பையில், கைக்குட்டைக்குள்,
ஐந்து ஆங்கில எழுத்து, தலைக்குமேல் ஒரு கிரீடம்.
பதினேழு நாளாய் மணி ஒன்பது பத்து.
ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து
மச்சான் முனிரத்தினம் வருகிறார்.

மேடையில் அவர் இதை என் கையில் மாட்டியபோது
"எட்டு லட்சமாம்" என்றது ஒரு குரல்.
"ஆறுதாங்க" என்று திருத்தினார், அடக்கமாக.
பிறகு என் காதோரம்:
"ரிப்பேர்னா எனக்குச் சொல்லு மாப்ளே.
இங்க எவன்கிட்டயும் திறக்கக் குடுத்துடாத.
பார்ட்ஸை உருவிடுவானுங்க."

ஆறாம் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது.
நிஜமானதில் நொடிமுள் வழுக்கிக்கொண்டு போகுமாம்
வாழையிலையில் ரசம்போல.
இது ஒவ்வொரு நொடிக்கும் குதித்தது,
டிக், டிக், என்று, அசல் சுவர்க்கடிகாரத்துத் தம்பி.
நாற்பது தறி ஓடும் கொட்டகையில்
யார் காதில் விழப்போகிறது?
சுகுணாவிடமும் சொல்லவில்லை.
எவனோ அரபுக் கடைக்காரன் அவள் அண்ணன் தலையில்
கட்டிவிட்டான் என்றே நினைத்தேன்.
பாவம், ஆறு லட்சம்.
ஆறு வருஷமாக இந்தப் பரிதாபத்தையும்
சேர்த்துத்தான் கட்டியிருந்தேன்.

மார்க்கெட் தெரு. செல்போன் கவர்களுக்குப் பின்னால்
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஷம்ஷாத்.
கண்ணில் லென்ஸ். ஒரு காதில் இயர்போன்,
மற்றது தோளில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.
ஒரிஜினலா என்று அவள் கேட்கவில்லை.
"டூப்ளிகேட்தான்" என்றேன் நானே முந்திக்கொண்டு.
வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை.
"தெலுசு லேண்டி" என்றாள் நிமிராமல்.

மூடி திறந்த சத்தம்
நகம் வெட்டுவதைவிடச் சின்னது.
"பேட்டரி கசிஞ்சு துரு ஏறிட்டு இருக்கு.
பக்கத்துல புத்தூர் இருக்கே,
கட்டு போட்டு அனுப்பிடலாமா?"
சிரித்தவள் சட்டென்று நிறுத்தி
மூடியைக் கவிழ்த்து, லென்ஸை என்னிடம் நீட்டினாள்.
"சூடண்டி."

ஊசியால் கீறிய மூன்று வரிகள்.
3-11-14.
20-6-16.
5-7-18.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஜிலேபி சுற்றியதுபோல் ஒரு எழுத்து.
"மலையாளம்" என்றாள். "ரிப்பேர் பண்றவங்க
தேதி போட்டு வைப்போம், எங்க வழக்கம்.
மூணும் ஒரே ஆளோட கை."
பட்டையைத் தடவிப் பார்த்தாள்.
"ரெண்டு கண்ணி கழட்டியிருக்கு.
முன்னாடி கட்டினவருக்கு மணிக்கட்டு பெருசு."

எங்கள் கல்யாணம் 2018, ஆவணி.

விளக்குச் சூட்டில் நெற்றி வேர்த்தது.
ஒரு கடைக்காரனும் அவரை ஏமாற்றவில்லை.
நாலு வருஷம் அவர் கையில் ஓடியிருக்கிறது,
எந்தக் கிடங்கில், எத்தனை மணி ஷிப்ட்டில்.
நின்றபோதெல்லாம் ஒரே மலையாளியிடம்
எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.
கடைசியாக ஒருதரம் பாலீஷ் போட்டு,
தன் கை அளவைக் குறைத்து.

இனி யாருக்காகப் பரிதாபப்படுவது?
கோபப்படவும் பார்த்தேன். வரவில்லை.
அந்தப் பெரிய மணிக்கட்டில் இப்போது என்ன இருக்கும்
என்பதுதான் வந்தது.

"நானும் போடட்டுமா தேதி?"
திறக்கக் கூடாதென்றவர் கையில்
என்றைக்காவது இந்த மூடி கிடைத்தால்?
போடுங்கள் என்றேன்.
நாலாவது வரி தெலுங்கில் விழுந்தது.
முந்நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை,
பேசியிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன்.
"ஓடுதா மாப்ளே?"
"திறக்கவே இல்ல மச்சான், யாரும் தொடல."
இன்னும் கொஞ்சம் சாதாரணமாகச் சொல்லவேண்டும்.

செக்போஸ்ட்டில் டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
பஸ் முழுக்க
டிக், டிக்.